றிஸ்வான் அழித்த படங்கள்

கல்முனை பிரதான வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு பழைய மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே அரிசி மொத்தக் கடை. மேலே கணினி திருத்தும் கடை. மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், நளீரின் ஓட்டோவிலிருந்து காலிதீன் ஹாஜியார் அந்தக் கட்டடத்தின் முன்னால் இறங்கினார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை, தொப்பி. கக்கத்தில் ஒரு துணிப்பை. படியேறும்போது அவர் கைபிடிச் சுவரைத் தொடவில்லை. அறுபதைத் தாண்டிய பிறகும் எதையும் பிடித்துக்கொண்டு நடப்பது அவருக்குப் பிடிக்காது.

பைக்குள் இருந்தது அவருடைய தம்பி றிஸ்வானின் லெப்டொப். றிஸ்வான் காய்ச்சலென்று படுத்து, எழும்பாமலே மௌத்தாகிப் போனவன். அவனுடைய மனைவி முனவ்வறா சாய்ந்தமருது வீட்டில் இத்தா இருக்கிறாள். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வாசற்படி தாண்டாமல் இருக்கும் காலம். கணவனின் மூத்த சகோதரன் என்றாலும் காலிதீனோடு அவள் கதைப்பது அறை வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்றுதான்.

"புள்ளைக்கு வாப்பாட மூஞ்சி மறக்குது மச்சான்" என்று அவள் சொல்லியிருந்தாள். "அவர் எடுத்த படமெல்லாம் அதுக்குள்ளதான் இரிக்கி. கூரை ஒழுகி நனஞ்சதோட அது எழும்புதில்ல. அம்ஹாக்கு ஒரு படமாவது எடுத்துத் தாங்க."

அந்தக் கண்ணீருக்காக மட்டும் ஹாஜியார் வரவில்லை. கடைசி மாதங்களில் றிஸ்வான் ஒரு மாதிரியாக இருந்தான். கழுத்தை விட்டு இறங்காத கெமராவைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டினான். மூத்தவரான காக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். எதையோ மறைக்கிறான் என்று ஊர் முணுமுணுத்தது. பள்ளிவாசலில் தங்கள் குடியின் சார்பில் நிர்வாகம் பார்க்கும் மரைக்காராக இருக்கும் மனிதரின் தம்பியைப் பற்றிய முணுமுணுப்பு அது. அந்தப் பெட்டிக்குள் கேவலமாக ஏதாவது இருந்தால், அதை முதலில் காணும் கண்ணும் கடைசியாகக் காணும் கண்ணும் தன்னுடையதாகவே இருக்கவேண்டும். தம்பியின் பேர் மண்ணுக்குள் சுத்தமாகக் கிடக்கவேண்டும். அந்த முடிவோடுதான் அவர் படியேறினார்.

கடைக்காரன் தர்மிகன் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க ஹாஜியார், இரிங்க. றிஸ்வான் சேர்ட செய்தி கேள்விப்பட்டன். நல்ல மனிசன்."

"அவன்ட லெப்டொப்தான் இது. உள்ளுக்கு வீட்டுப் படம் இரிக்கி. எங்கட பொம்புளைகள் தலையில சீலை இல்லாம நிக்கிற படமும் இரிக்கும். வெளி ஆம்புளைட கண் அதுல படப்படாது."

"அப்ப நான் எப்பிடி வேலை செய்யிற? கண்ணக் கட்டிக்கிட்டு ஆணி கழட்டப் போனா, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா என்ட மூக்குத்தான் கழண்டு வரும்."

ஹாஜியார் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக அவர் கடைகளுக்குப் போவதில்லை.

தர்மிகன் லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினான். மழைநீர் காய்ந்த கறை உள்ளே படர்ந்திருந்தது. உள்ளங்கை அளவு தட்டையான பெட்டி ஒன்றை வெளியே எடுத்து, தன் கணினியோடு ஒரு வயரால் இணைத்தான். பெட்டி மெல்ல இரைந்தது. பிறகு நகத்தால் பலகையைச் சுண்டுவது போலொரு சத்தம்.

டிக்.

டிக்.

"உசிர் இரிக்கி ஹாஜியார்" என்றான் தர்மிகன். பிறகு திரையை அவர் பக்கம் முழுவதும் திருப்பி வைத்தான். "இந்தக் கட்டைய அமத்தினா அடுத்த படம் வரும். வேணுமெண்டா இத அமத்துங்க, பென் டிரைவுக்குள்ள போயிரும். நான் அங்கால திரும்பி இரிந்து போன் ஒண்டு ஒட்டுறன். சரிதானே?"

"சரி."

முதலில் வந்த படங்களில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அம்ஹா மணலில் உட்கார்ந்து அழுகிறாள். முனவ்வறா அடுப்படியில் மாவு படிந்த கையால் முகத்தை மறைக்கிறாள். கெமராவை எங்கோ வைத்துவிட்டு ஓடி வந்து மகளைத் தூக்கியிருக்கிறான் றிஸ்வான். சிரிப்பு பாதியில் நிற்கிறது. ஹாஜியாரின் விரல் அந்தப் படத்தில் தரித்தது. அதைப் பென் டிரைவுக்கு அனுப்பினார். எல்லாவற்றையும் அனுப்பினார். மனதில் கிடந்த பாரம் இறங்கியது. தம்பி சுத்தமானவன்.

அவர் எழும்ப ஆயத்தமானபோது தர்மிகன் திரும்பிப் பாராமலே கேட்டான்.

"ஹாஜியார், ஒண்டு சொல்லட்டா? இதுக்குள்ள அழிச்ச படமும் கிடக்கு. முதல்ல வயர் மாட்டினப்ப வந்த கணக்கில கண்டன். தண்ணி பட்டுப் பழுதானதில்ல. ஒங்கட தம்பி ஒவ்வொண்டாத் தெரிஞ்செடுத்து அழிச்சிரிக்கார். அழிச்சாலும் தட்டில தடம் கிடக்கும், எடுக்க ஏலும். எடுக்கட்டா, உடட்டா?"

வெளியே மழை மீண்டும் பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

விடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தான் அறியாத ஒன்று உலகத்தில் எங்கோ கிடப்பதை அவரால் பொறுக்க முடியாது. இன்றைக்குத் தர்மிகன் கண்டது நாளைக்கு இன்னொருவன் கண்ணிலும் படும்.

"எடு" என்றார்.

அந்த வேலைக்கு நேரம் எடுத்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. பெட்டி இரைந்தது, சுண்டியது, இரைந்தது. இதற்கிடையில் அஸர் பாங்கு மழைக்குள் நனைந்து வந்து சேர்ந்தது. தர்மிகன் மூலையில் கிடந்த பெட்டிகளை ஒதுக்கி, புதிய மட்டை ஒன்றைத் தரையில் விரித்துக் கொடுத்தான். ஹாஜியார் தோள் துண்டை அதன்மேல் போட்டுத் தக்பீர் கட்டினார்.

இரண்டாவது ரக்அத்தில்தான் அந்த வாடை வந்தது.

இலந்தை இலையை அரைத்து நீரில் கலக்கினால் வரும் பச்சை வாடை. அதற்குள் கற்பூரம். ஊரில் எத்தனையோ மையித்துகளை, இறந்தவர்களின் உடல்களை, குளிப்பாட்ட முன்நின்ற மனிதர் அவர். அந்த வாடை எங்கே வரும், எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். அரிசிக் கடைக்கு மேலே, ஈயம் உருக்கும் புகைக்கு நடுவே அது வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

அவர் ருகூவுக்குக் குனிந்தார்.

பின்னால் சீலை உரசியது.

அவர் நிமிர்ந்தார். பின்னாலும் ஒருவர் நிமிரும் சத்தம். அவர் ஸுஜூதுக்குப் போனார். தனக்குப் பின்னால், ஆண்களுக்குப் பின்னே பெண்கள் நின்று தொழும் தூரத்தில், ஈரத் துணி தரையில் படியும் ஓசையைத் தெளிவாகக் கேட்டார். சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

தொழுகையில் திரும்பிப் பார்க்கலாகாது. அவர் திரும்பவில்லை.

ஸலாம் கொடுத்து முடிந்த பிறகே பார்த்தார். மட்டைக்குப் பின்னால் வெறும் தரை. தர்மிகன் முதுகைக் காட்டியபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கூரை ஒழுகுதா தம்பி?"

"இல்லியே ஹாஜியார். போன மாசம்தானே தார் பூசின. ஆ, ஒங்கட படம் வந்திட்டுது. இனி நீங்களாச்சு, அதாச்சு."

ஹாஜியார் திரைக்கு முன்னால் அமர்ந்தார். கட்டையை அமத்தினார்.

முதல் படம் றிஸ்வானின் கலியாண வீடு. அவன் இன்னும் மாப்பிள்ளைக் கோலம் பூணாத பகல் வேளையில் எடுத்தது. பந்தல், விளக்குச் சரம், விருந்தாளிகளை வரவேற்று நிற்கும் காலிதீன். கேற்றுக்கு வெளியே, தூரத்தில், வெள்ளைச் சேலையால் முக்காடிட்ட ஒரு பெண். ஏதோ விருந்தாளி என்று கடந்தார்.

அடுத்தது ஒலுவில் துறைமுகம். குடும்பத்தோடு போன பயணம். அவர் கல் அணைக்கட்டில் குடை பிடித்து நிற்கிறார். மீன் படகுகளுக்கு அப்பால் அதே வெள்ளைச் சேலை. தனியாக.

அந்நியப் பெண்ணை உற்று நோக்குவது அவர் வழக்கமல்ல. படத்தில் இருந்தாலும் பெண் பெண்தான். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த படத்துக்குக் கட்டையை அமத்தினார்.

சம்மாந்துறை வட்டையில் அறுவடை. வெட்டு மெசினுக்குப் பக்கத்தில் அவர் கையை நீட்டி ஏதோ கட்டளையிடுகிறார். அவள் வரம்பில் நிற்கிறாள். சுற்றிலும் வெயிலில் வெடித்த நிலம். அவளுடைய சேலை மட்டும் உடலோடு ஒட்டி நனைந்திருந்தது.

அதற்கடுத்தது அம்ஹா பிறந்து நாற்பது கழித்த அன்று. வீட்டுக் கூடம். அவர் நடுக் கதிரையில் இருக்கிறார். அவள் கேற்றிலும் இல்லை, வரம்பிலும் இல்லை.

கூடத்துக்குள்ளேயே நின்றாள்.

காலிதீனின் காது மடல்கள் சூடேறின. ஆக இதுதான். இவளைத்தான் றிஸ்வான் அழித்தான். யாரோ ஒரு கைம்பெண். தம்பி போகுமிடமெல்லாம் பின்னால் வந்திருக்கிறாள். கடைசியில் பெண்டாட்டி பிள்ளை இருக்கும் வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறான். காக்காவின் முகம் பார்க்க ஏன் கூசினான் என்று இப்போது விளங்கியது.

"என்ன ஹாஜியார், மழைக்குள்ள வேர்க்குது? மூச்சு வாங்குற சத்தம் இஞ்ச கேக்குது."

"ஒன்ட வேலையப் பாரு."

"வேலையப் பாக்காத எண்டுதானே திருப்பி உட்டிருக்கீங்க" என்று தர்மிகன் சிரித்தான்.

இவை முழுவதையும் மறுபடி அழிக்கவேண்டும். தம்பி அரைகுறையாகச் செய்ததைத் தான் முழுதாகச் செய்யவேண்டும். ஆனால் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டுமே. அவர் கட்டையை அமத்தினார்.

கடைசிப் படம் வந்தது.

வாப்பாவை அடக்கிய நாள். மையவாடி. கத்தாரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பவென்று றிஸ்வான் தூரத்தில் நின்று எடுத்தது. தொப்பிகள், தோள்கள், மண்வெட்டி. கப்றின் ஓரத்தில் கைப்பிடி மண்ணோடு குனிந்து நிற்கிறார் காலிதீன்.

அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலை.

அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

அவர்களுடைய ஊரில் பெண்கள் மையவாடிக்குள் வருவதில்லை. அவர் அறிந்த நாளிலிருந்து, எந்த ஜனாஸாவிலும், எந்தத் தாயும் மகளும் வந்ததில்லை. அன்று கேற்றில் நின்று ஆட்களை உள்ளே விட்டவர் அவர்தான். இத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் நின்றிருந்தால் ஊரே கலைந்திருக்கும். படத்தில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றவரின் முழங்கை அவளுடைய சேலைக்குள் புகுந்திருந்தது.

கைம்பெண்ணும் இல்லை. கள்ளத் தொடர்பும் இல்லை.

"தம்பி" என்றார். "திரும்பி இதக் கொஞ்சம் பாரு."

"நானா? பாக்கட்டா?"

"பாரு."

தர்மிகன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு போனது. அவனாகவே கட்டையைப் பின்னோக்கி அமத்தினான். வீட்டுக் கூடம். வட்டை. துறைமுகம். கலியாணப் பந்தல். மீண்டும் மையவாடி.

"ஹாஜியார்" என்று கிசுகிசுத்தான். "ஒண்டு கேப்பன், கோபிக்கப்படாது."

"கேளு."

"இந்தப் படம் ஒண்டிலயும் ஒங்கட தம்பி இல்ல. அவர் எடுத்தவர்."

"அதுக்கு?"

"எல்லாத்திலயும் நீங்கதான் இரிக்கீங்க."

டிக், என்றது பெட்டி.

"முதல்ல கேற்றில. புறகு கூடத்தில. இதில ஒங்கட முதுகோட ஒட்டி நிக்குது. அது ஒங்கட தம்பிக்குப் பின்னால வந்ததில்ல ஹாஜியார். அத ஒங்கட கண்ணில காட்டப்படாது எண்டுதான் அவர் அழிச்சிரிக்கார்."

காக்காவைக் கண்டால் றிஸ்வான் முகத்தைத் திருப்பினான். முகத்தைத் திருப்பினானா, காக்காவுக்குப் பின்னால் நின்றதைக் காணப் பொறுக்காமல் கண்ணைத் திருப்பினானா?

மின்சாரம் போனது.

மின்விசிறி ஓய்ந்தது. திரை கறுத்தது. மழைக்கால மாலையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் ஜன்னலால் வந்தது. அந்தக் கறுத்த கண்ணாடியில் ஹாஜியார் தன் முகத்தைக் கண்டார். வெளிறிய தர்மிகனின் முகத்தைக் கண்டார்.

இருவருக்கும் நடுவில், தோளுக்கு மேலே, முக்காடு.

இலந்தை வாடை மூச்சை அடைத்தது.

தர்மிகன் வயரைப் பிடுங்கி எறிந்தான். பென் டிரைவையும் அந்தப் பெட்டியையும் துணிப்பைக்குள் திணித்து, பையை அவர் கையில் வைத்து அமத்தினான்.

"கூலி ஒண்டும் வேணாம். இத இஞ்ச வச்சிட்டுப் போயிராதீங்க ஹாஜியார். எனக்கும் புள்ள குட்டி இரிக்கி."

படியிறங்கும்போது காலிதீன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நளீர் ஓட்டோவை வாசலுக்கே கொண்டு வந்திருந்தான். அவர் ஏறி ஒரு பக்கமாக அமர்ந்து, மடியில் பையை இறுக்கிக்கொண்டார். நாளைக் காலையில் கோமாரிப் பக்கம் போய், ஆழக்கடலுக்குப் போகும் படகு ஒன்றில் இந்தப் பெட்டியைக் கொடுத்து எறியச் சொல்லவேண்டும். யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முனவ்வறாவுக்கு நல்ல படங்கள் கிடைத்துவிட்டன. அவ்வளவுதான் வீட்டுக்குத் தெரியவேண்டும்.

நளீர் இறங்கி வந்து மழைச் சீலையை அவர் பக்கம் இழுத்துவிட்டான். பிறகு சுற்றிப் போய், மற்றப் பக்கமும் இழுத்து, கொக்கியை மாட்டினான்.

"அந்தப் பக்கம் என்னத்துக்கு?"

"சாரல் அடிக்கிதே ஹாஜியார்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஓட்டோ புறப்பட்டது. கடைக்குப் போகும்போது தேங்காய் விலையிலிருந்து மச்சினன் பிரச்சினை வரை வாய் ஓயாமல் கதைத்தவன், இப்போது ஒரு சொல்லும் பேசவில்லை. கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தான். கல்முனைக்குடியைத் தாண்டிய பிறகுதான் அது ஹாஜியாருக்கு உறைத்தது.

நளீர் நல்ல வளர்ப்புப் பிள்ளை. வண்டியில் பெண்கள் ஏறினால் அவன் கதைப்பதில்லை.

அவர் இடப்பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து இருக்கை பாரம் தாங்கித் தாழ்ந்திருந்தது. அங்கிருந்து ஈரம் ஊர்ந்து வந்து அவருடைய சாரன் விளிம்பை நனைத்தது. தெரிந்த ஆயத்துகளை உதட்டுக்குள் ஓதினார். ஓதல் நின்றுபோகும் இடங்களில், யாரோ அதைத் தொடர்ந்து முணுமுணுத்தது போலிருந்தது.

றிஸ்வானின் வீட்டு வாசலில் ஓட்டோ நின்றபோது மழை தூறலாகியிருந்தது. எதிரே மீராசாவின் கடை. பள்ளிவாசலில் மரைக்கார் பதவிக்கு ஹாஜியாரோடு போட்டியிட்டுத் தோற்று, அதை இன்னும் மறக்காத மனிதர் மீராசா. மழைக்கு ஒதுங்கிய சிலர் அவருடைய கடைத் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

ஹாஜியார் இறங்கினார். ஓட்டோ பின்பக்கம் உயர்ந்து, மறுபடி தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது.

"ஸலாமலைக்கும் ஹாஜியார்!" மீராசாவின் குரல் தெருவைக் கடந்தது. "இத்தாவில இரிக்கிற புள்ளைய மழைக்குள்ள எங்க கூட்டிக்கிட்டுப் போய் வாறீங்க?"

தாழ்வாரத்தில் எல்லோரும் திரும்பினார்கள். எல்லோருடைய கண்களும் ஹாஜியாரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் பதிந்தன. வெள்ளை உடையைக் கண்டால் ஊர் வேறெதை நினைக்கும்? கணவனின் மண் காயும் முன்னர் முனவ்வறா இத்தாவை முறித்து, மச்சானோடு ஓட்டோவில் ஊர் சுற்றிவிட்டு வருகிறாள் என்றுதான். மஃரிபுக்கு முன்னால் அது பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தம்பியின் பேரும், அவன் மனைவியின் பேரும், தன் பேரும் ஒரே வாளித் தண்ணீரில் கழுவி ஊற்றப்படும்.

என்னோடு யாரும் வரவில்லை என்று சொல்லலாம். இத்தனை பேர் கண்ணால் கண்டுகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை யார் நம்புவார்கள்? பொய் சொல்லி மறைக்கிறார் என்றே ஆகும்.

காலிதீன் முதுகை நிமிர்த்தினார்.

"வாயக் கழுவிட்டுக் கதை மீராசா. அது முனவ்வறா இல்ல."

"அப்ப ஆரு?"

"என்ட தங்கச்சி. சாச்சிட மகள். சம்மாந்துறையால வந்திரிக்கா, இத்தா வீட்டுக்கு."

"ஓ, அப்பிடியா. வெள்ளையக் கண்டதும் மாறி நெனச்சிட்டன், மன்னிச்சுக்கங்க." மீராசா விடுவதாக இல்லை. "மூஞ்சியையும் மூடிக்கிட்டாவே, அடையாளம் தெரியல்ல. எவ்வளவு காலத்துக்கு நிப்பாவாம்?"

"அவட வீடுதானே இது. விரும்பின மட்டும் நிக்கட்டும்."

குரல் வழக்கம்போலக் கனமாக, ஊர் கேட்டுப் பழகிய கனத்தோடு வெளியே வந்தது. சொல்லி முடித்த பிறகே அந்தச் சொற்கள் எங்கே போய் விழுந்தன என்று அவருக்கு விளங்கியது.

பின்னால் யாரோ மெல்ல மூச்சை விட்டார்கள். நீண்ட காலம் வாசலில் நின்று களைத்தவர்கள் விடும் மூச்சு.

கேற் திறந்தது. அவர் அதைத் தொடவில்லை.

அவர் உள்ளே ஓடினார். வயதுக்கு மீறிய ஓட்டம். விறாந்தையின் காய்ந்த சீமெந்துத் தரையில் ஈரக் காலடிகள் அவருக்கு முந்திப் போயிருந்தன. வலதும் இடதும் மாறி மாறி அல்ல. இரண்டு பாதங்களும் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒரு முழம் தள்ளி மறுபடி ஒட்டி, அப்படியே அறை வாசல் சீலைக்குக் கீழே போய் மறைந்தன.

"முனவ்வறா!"

"ஓம் மச்சான்." அவளுடைய குரல் சீலைக்குப் பின்னால், எந்தப் பதற்றமும் இல்லாமல் வந்தது. "படம் கிடைச்சிச்சா?"

"புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வா. கெதியா வா."

"என்ன கதைக்கிறீங்க? கேற்றடியில ஆம்புளைகள் நிக்கிற சத்தம் கேக்குது. இத்தாவில இரிக்கிற நான் எப்பிடி வெளிய வாற?"

அவர் திரும்பிப் பார்த்தார். மீராசா தெருவைக் கடந்து கேற்றுக்கே வந்திருந்தார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்து ஆட்கள். வேடிக்கை பார்க்கும் முகங்கள். இவர்களுக்கு முன்னால் தம்பியின் விதவையை வெள்ளை உடுப்போடு முற்றத்துக்கு இழுத்து வருவதா? இல்லையென்றால், அந்நியன் நுழையக் கூடாத அறைக்குள் இவர்கள் பார்க்கச் சீலையை விலக்கிக்கொண்டு தான் நுழைவதா?

அவருடைய கை சீலை வரை போனது. அங்கேயே நின்றது.

"முனவ்வறா" என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினார். அவர் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. "அம்ஹா எங்க?"

"மாமிட மடியில இரிக்கா. வந்ததும் வராததுமா எப்பிடி ஒட்டிக்கிட்டா பாருங்களே. பாவம், நல்லா நனஞ்சிட்டாங்க, கையெல்லாம் ஐஸ் மாதிரி. ஒங்களுக்குச் சம்மாந்துறையில ஒரு தங்கச்சி இரிக்கிண்டு அவரும் ஒரு நாளும் சொல்லல்லியே மச்சான். இனி இஞ்சதான் இரிக்கப் போறாவாம். காக்கா ஊருக்கு முன்னால சொல்லிட்டார் எண்டு சொல்றா."

உள்ளே அம்ஹா கலகலவென்று சிரித்தாள். யாரோ அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல.

"ஹாஜியார்!" கேற்றிலிருந்து மீராசா கூப்பிட்டார். "ஏதும் பிரச்சினையோ? உள்ளுக்கு வரட்டா?"

காலிதீன் வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும். ஓம், வாங்க, என் தம்பி வீட்டுக்குள் நான் அறியாத ஒன்று நுழைந்துவிட்டது, எனக்குத் தங்கச்சி யாருமில்லை, நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது.

"ஒண்டுமில்ல மீராசா" என்றார். "எங்கட வீட்டு விசயம். நீ போ."

கேற்றடியில் காலடிகள் விலகின. மஃரிப் பாங்கு எழுந்தது. அறைக்குள் சிரிப்பு நின்றது.

"காக்கா." புதிய குரல். ஈரமான, நாள்பட்டு அடைத்த குரல். "இரிங்க. தேத்தண்ணி கொண்டு வாறன்."

சீலை மெல்ல விலகத் தொடங்கியது. அந்நியப் பெண் எதிரே வரும்போது செய்யும் வழக்கப்படி காலிதீன் ஹாஜியார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

தாழ்ந்த அந்தப் பார்வைக்குள் இரண்டு வெளுத்த பாதங்கள் வந்து நின்றன. மையித்துக்குக் கட்டுவது போல, பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.